நீர்வளத்துறை ஏ.இ.யா, நெய்வேலி ஜி.இ.டி.யா? மூத்த பொறியாளர்கள் சொல்லுங்கள்

கீரப்பாளையம்_சிவில்:

வணக்கம். சிவில் முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வுல தேறிட்டேன், நீர்வளத்துறையில உதவிப் பொறியாளர் (ஏ.இ.) இடம் கிடைக்கும்னு ரேங்க் சொல்லுது. அதே நேரத்துல கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வச்சு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துலயும் பட்டதாரி பயிற்சிப் பொறியாளரா (ஜி.இ.டி.) கூப்பிட்டிருக்காங்க. சம்பளம் அங்க நல்லாவே கூட.

அப்பா நாலு காணி வச்சிருக்கார், வீராணம் பாசனம். 2023 ஏப்ரல்ல சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு ஒரு நிலக்கரித் தொகுதியை மத்திய அரசு ஏலப் பட்டியல்ல போட்டாங்களே, அந்த வாரம் முழுக்க அவர் சரியாச் சாப்பிடலை. முதல்வர் எதிர்ப்புக் கடிதம் எழுதி, அப்புறம் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. ஆனா அவருக்கு மனசு ஆறலை. "நீ அங்க சேர்ந்தா நாளைக்கு நம்ம ஊர்லயே நிலம் எடுக்க அளந்து கொடி நட வருவ"ங்கிறார். அம்மா நெய்வேலிக்குத்தான் போகச் சொல்றாங்க, குவார்ட்டர்ஸ் இருக்கு, பாதுகாப்புன்னு.

ரெண்டு பக்கமும் வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சம்பளத்தை விட்டுட்டு, அந்த வேலை உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு தெரியணும்.

முத்தியால்பேட்டை_வயர்மேன்:

தங்கச்சி, நான் புதுச்சேரி. எங்க ஊருக்குன்னு இருக்கிற உற்பத்தி, காரைக்கால்ல 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒண்ணுதான். மத்ததெல்லாம் வெளியிலிருந்து வருது, அதுல நெய்வேலிக்குப் பெரிய பங்கு. அங்க போய் வேலை பார்க்கிறது தப்பு மாதிரி உங்க அப்பா நினைக்க வேண்டாம். எங்க வீட்டு ஃபேன் சுத்துறது அதுலதான். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கப்புறம் ஒரு வாரம் கையில விசிறியோட உட்கார்ந்திருந்தேன், கரண்டோட அருமை அப்பத் தெரிஞ்சுது. நல்ல வேலை, விட்டுடாதீங்க.

பழைய_லெவல்_புக்:

அம்மா, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

நான் 1981-ல் பொதுப்பணித்துறையில் சேர்ந்து 2013-ல் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். அந்த 32 வருஷத்தில் பாதிக்கு மேல் கடலூர், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் என்று இந்த முக்கோணத்துக்குள்ளேயே போயிற்று. அப்போது கட்டடமும் ஏரியும் ஒரே துறை. நீ சேரப்போகிற நீர்வளத்துறையை 2021-ல்தான் தனியாகப் பிரித்தார்கள்.

உன் அப்பா ரெண்டு வேலையையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கிறார். நான் பார்த்த வரையில் ரெண்டுக்கும் அடியில் ஒரே தண்ணீர்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஏறக்குறைய 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மண். நிலக்கரிக்குக் கீழேயோ அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர். அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பொங்கும். அங்கே நிலக்கரி இருப்பது தெரிந்த பிறகும் இதை எடுக்க முடியுமா என்று நிபுணர்கள் தயங்கியதற்கு அதுதான் பெரிய காரணம். 1953-ல் சோதனைக்காக ஒரு சிறு சுரங்கம் வெட்டிப் பார்த்தார்கள். 1956-ல் நிறுவனம் வந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், இங்கே காமராஜர் முதல்வர். 1961-ல் நிலக்கரி வெளியே தெரிந்தது, 1962-ல் முதல் 50 மெகாவாட் ஓடியது. அனல்மின் நிலையம் சோவியத் உதவி, மண் வெட்டுகிற சக்கர எந்திரம் மேற்கு ஜெர்மனியுடையது. உலகம் ரெண்டு முகாமாகப் பிரிந்து கிடந்த நாளில் ரெண்டு பேரையும் நம் முந்திரிக்காட்டுக்கு வரவழைத்தார்கள். அந்தத் தலைமுறையின் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன்.

அப்படி இறைக்கிற தண்ணீர் எங்கே போகும்? ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கு வந்து அங்கேயிருந்து வயலுக்குப் பாய்கிறது. ஆக, கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது என்று மனு எழுதுகிறவரும் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று நாற்று விடுகிறவரும் ஒரே ஊர்க்காரராக இருப்பார். ரெண்டு பேரும் வந்து நிற்பது செக்‌ஷன் ஆபீஸ் வாசலில். அங்கே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரப்போவது நீ.

அரசியலைப் பற்றி நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் இந்த வேலையே இல்லை. 2006-ல் நெய்வேலிப் பங்கில் 10 சதவீதத்தை விற்க டெல்லி முடிவெடுத்தது. தி.மு.க. கூட்டணியைவிட்டே விலகுவோம் என்ற அளவுக்குப் போனதும் எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்திவைத்தார்கள். 2013-ல் மறுபடி விற்பனை வந்தது. ஜெயலலிதா, மாநில அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லி 3.56 சதவீதத்தை வாங்கவைத்தார். ரெண்டு கட்சியும் நெய்வேலியை நம்முடையது என்று நினைத்ததால்தான் அப்படிச் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2023 ஜூலையில் மேல் வளையமாதேவியில் நெற்பயிர் மேல் பொக்லைன் ஓடியதை நாமெல்லாம் பார்த்தோமே, அது பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்டுகிற வேலை. உயர் நீதிமன்றம் வேதனைப்பட்டு, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஓர் ஆற்றைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கவேண்டுமென்றால் அதற்கு வெள்ளக் கணக்கு வேண்டும், படுகைச் சரிவு வேண்டும், கரை மட்டம் வேண்டும். தலைவர்கள் மேடையில் பேசி முடித்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திடுகிறவர் ஒரு பொறியாளர். எந்த அரசு இருந்தாலும் இதுதான் நடைமுறை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு திட்டத்துக்காக ரோடு போட்டார்கள். எந்தத் திட்டம், எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன். ரோடு ஒரு வடிகாலைக் குறுக்கே தாண்டியது. நானும் ஒரு லஸ்கரும் (வாய்க்கால் பார்க்கிற ஊழியர்) நாலு நாள் முழங்கால் சேற்றில் நின்று மட்டம் எடுத்தோம். அவர் ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடித்தபடி ஒவ்வொரு புள்ளிக்கும் "போன வெள்ளத்துல இங்கதாங்க நின்னுது" என்று தன் இடுப்பிலும் மாரிலும் கை வைத்துக் காட்டுவார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மூன்று கண் பாலம் வேண்டும் என்று வந்தது. மேலேயிருந்து வந்த எஸ்டிமேட்டில் ரெண்டு வரிசை ஹியூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய்தான் இருந்தது. கோப்பின் மேல் "தேசிய முக்கியத்துவம், மிக அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் குறிப்பு எழுதி வைத்தேன். ஒரு மேலதிகாரி கூப்பிட்டு, அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் "பொருத்தமானது" என்று எழுதச் சொன்னார். வீட்டில் கைக்குழந்தை, மாற்றல் பயம். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2015 நவம்பர் 9. நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. நான் ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. மழை விட்ட நாலாம் நாள் மனசு கேட்காமல் பஸ் ஏறி அந்த ரோட்டுக்குப் போனேன். ரோட்டுக்குக் கிழக்கே வரப்பு தெரிந்தது. மேற்கே தெரியவில்லை, மோட்டார் கொட்டகையின் ஓடு மட்டும் தெரிந்தது. பைப்பின் வாயில் வைக்கோலும் வாழைமட்டையும் அடைத்துக்கொண்டிருந்தன. ரோட்டின் மேல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குச்சி வச்சிக்கிட்டு அளந்துக்கிட்டு நின்ன ஐயாதான நீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

நான் போட்ட முதல் கணக்கு இன்றைக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. மட்டம் எடுத்ததைக் குறிக்கிற என் லெவல் புக்கில் மட்டும் இருக்கிறது. எண் போட்ட பக்கம், மையில் எழுதியது, கிழித்தால் தெரிந்துவிடும்.

என் அபிப்பிராயம், நீர்வளத்துறைக்கு வா. முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது, 58 வருஷம், நான் ஓய்வு பெற்ற வயது. உன் அப்பா வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற வீராணம் பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து ஏரி. இன்றும் 47.5 அடிக்கு நிரம்பி, 2004-லிருந்து சென்னைக்கும் குடிதண்ணீர் கொடுக்கிறது. சுரங்கம் ஒருநாள் தீரும். தீர்ந்த பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், எங்கே வழியும், யார் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல இந்த மண்ணைத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் வேண்டும்.

வட்டம்_18:

மேலே எழுதிய ஐயாவுக்கு என் வணக்கம். நான் சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்கிறேன். அந்த நீர் இறைப்பை ஒரு மணி நேரம்கூடச் சும்மா விடமுடியாது. தீபாவளி ராத்திரியிலும் பம்ப் வாரியாக அழுத்தம் பார்த்து எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் மனசாட்சியோடு அளந்தவர்கள் உண்டு மகளே. 2012-ல் கடலூர் கிராமங்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை, பயிருக்கு மோட்டார் ஓடவில்லை. அந்த வருஷம் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளே இல்லாவிட்டால், ஊர் பேர் தெரியாதவர்கள் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பார்கள். உன்னைப்போல வாய்க்காலில் காலை நனைத்து வளர்ந்தவள் உள்ளே வரவேண்டும் என்பது என் ஆசை.

கீரப்பாளையம்_சிவில்:

ரெண்டு ஐயாவுக்கும் நன்றி. சாப்பாட்டு நேரத்துல அப்பாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். பாட்டி கேட்ட இடத்துல கையைக் கழுவிட்டு எழுந்துட்டார்.

லெவல்_புக் ஐயா, ஒண்ணு கேட்கணும். நாளைக்கு என்னையும் அப்படிக் கூப்பிட்டுத் தாளை மாத்தச் சொன்னா, புதுசாச் சேர்ந்த பொண்ணு நான் என்ன பண்ண முடியும்?

பழைய_லெவல்_புக்:

பயப்படாமல் கேட்டாய், நல்லது. குறிப்பைக் கோப்பில் மட்டும் வைக்காதே. அதைக் கடிதமாக எழுதி உட்கோட்ட அலுவலகத் தபாலில் சேர்த்து, பதிவேட்டு எண்ணும் தேதியும் உன் நகலில் வாங்கிக்கொள். எண் விழுந்த கடிதத்தைக் காணாமல் போக்குவது கஷ்டம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது, நான் அந்தக் கையெழுத்தைப் போட்டபோது அது இல்லை. இன்றைக்கு அந்த ஊர்க்காரர் யாரும் பத்து ரூபாய் கட்டி உன் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். மாற்றல் வரலாம். எனக்குக் கையெழுத்துப் போட்ட பிறகும் ஆறே மாதத்தில் மாற்றல் வந்தது.

மட்டம் எடுக்கப் போகும்போது ஸ்டாஃப் பிடிக்கிறவரிடம் போன வெள்ளம் எதுவரை நின்றது என்று கேட்டு, அவர் சொன்னதையும் பக்கத்து ஓரத்தில் எழுது. அதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை, நீயாக எழுதினால்தான் உண்டு.

என்னிடம் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பழைய லெவல் புக்குகளின் நகல் ஏழு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் வந்து வாங்கிக்கொள். வட்டம் 18 ஐயா, உங்களிடம் அந்த வருஷங்களின் நீர்மட்டக் குறிப்பு ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வட்டம்_18:

என் சொந்த டைரி இருக்கிறது ஐயா, 1988-லிருந்து. கொண்டுவருகிறேன்.

கீரப்பாளையம்_சிவில்:

வியாழக்கிழமை கலந்தாய்வு. நீர்வளத்துறைக்குத்தான் ஒப்புக்கப்போறேன். அம்மாவுக்கு இன்னும் முழுசா மனசு வரலை, பேசிக்கிட்டிருக்கேன். முடிச்சுட்டு அப்பாவையும் கூட்டிக்கிட்டு வரேன் ஐயா. அந்த ஏழு புக்குல எங்க வாய்க்கால் இருக்கான்னு அவர் இப்பவே கேட்கிறார்.