பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரிக்கு வீடு: எங்கள் அனுபவம்

தம்பிக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்): சில காலம் அளவுமீறிய வேகம், சில காலம் ஒரே சோர்வு. முதல் தடவை மேனியா, அதாவது அந்த அளவுமீறிய வேகம், வந்தபோது மூன்று வாரம் மனநல வார்டில் சேர்த்தோம். குணமாகித்தான் வந்தான். ஆனால் "என்னை அங்க விட்டுட்டு வந்துட்டீங்கல்ல" என்ற பேச்சு ஒரு வருஷம் ஓயவில்லை. இரண்டாவது தடவை தூக்கம் குறைந்ததுமே டாக்டரிடம் ஓடினோம். "சாப்பிடுறார், மாத்திரை வேண்டாம்னு சொல்லலை, ராத்திரி பார்த்துக்க நீங்க இருக்கீங்க. பகல்ல மட்டும் இங்க வரட்டும்" என்றார்.

காலை ஒன்பதரைக்கு விட்டு நாலு மணிக்குக் கூட்டி வருவேன். டாக்டர் பார்ப்பார், குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள், அப்புறம் கவர் ஒட்டும் வேலை. முதல் வாரம் பசையெல்லாம் சட்டையில்தான். மூன்றாவது வாரம் ஓரம் பிசகாமல் ஐம்பது கவர் ஒட்டி, நூல் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். கலைந்துவிடும் என்று என்னைத் தொடக்கூட விடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவன் போடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். ஒருநாள் அவனே, "இன்னும் மாத்திரை போடலை சிஸ்டர், எடுங்க" என்று கையை நீட்டினான்.

கஷ்டம் ராத்திரியில்தான். பத்து நாள் நானும் அம்மாவும் முறை வைத்து விழித்திருந்தோம். வண்டிச் சாவியும் ஏடிஎம் கார்டும் அம்மாவின் தலையணைக்கடியில். வீட்டில் ஆள் இல்லாதவர்கள் வார்டில் சேர்ப்பதைத் தப்பாக நினைக்கவே கூடாது.

* * *

அக்கா, எங்கள் அம்மாவுக்கு டிப்ரஷன். செத்துப்போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த நிலையில் பகல் சிகிச்சை போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தார். அப்புறம் ஒரு மாதம் பகலில் மட்டும். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் மறுபடி படுக்கையிலேயே கிடந்திருப்பார். காலையில் குளித்து, சேலை மாற்றி, கிளம்ப ஓர் இடம் இருந்தது.

* * *

அக்கா, எங்கள் ஊரிலிருந்து பகல் சிகிச்சை தரும் இடத்துக்குப் போக வர ஐந்து மணி நேரம். அதனாலேயே அண்ணன் குணமான பிறகும் வார்டில் இருக்கிறார். வெளியே வசதி இல்லை என்ற காரணத்துக்காக யாரையும் உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் 19ஆம் பிரிவில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியிலாவது பகல் சிகிச்சை வேண்டும் என்று மனு எழுதிவிட்டேன். வருகிற திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கிறேன்.