ஆனையிறவுக் கடல்நீரேரி: நன்னீராக்க வேண்டுமா, உப்பாகவே விட வேண்டுமா?

வல்லையூரான்:
மாரி வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். இந்த முறை கொஞ்சம் ஆழமாகவே பேசுவோம். கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தை ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் கொட்டுகிறது. ஏரி நிறைந்தால் கிழக்கே சுண்டிக்குளத்தில் வழி எடுத்துக்கொண்டு வங்கக் கடலுக்குப் போய்விடும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியே வெள்ளத்தில் கிடந்தது. அவ்வளவு தண்ணீரும் சில நாளில் கடலில். அடுத்த ஆவணியில் யாழ் குடாநாட்டுச் சனம் தண்ணீர் பவுசர் லொறிக்குக் குடம் வைத்துக் காத்து நின்றது.

பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்டிக்குளத்தில் அணையும், மிகைநீர் வழிந்தோடும் வானும் கட்டிக் கடலை வெளியே நிறுத்துவது. ஆனையிறவில் ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் கீழே உள்ள நீர்வழிகளை அடைப்பது. இடையில் உள்ள ஏரி வருடா வருடம் மழையில் கழுவப்பட்டு நன்னீராகும். அங்கிருந்து முள்ளியான் ஊடாகச் சுமார் 4 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் தண்ணீரை விடுவது. அவை கடலைத் தொடுகிற தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களிலேயே கதவணை கட்டியாகிவிட்டது. சுண்டிக்குளம் அணை கட்டி, பிறகு உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் பாதியில் நின்றது. பாதி முடிந்த வேலையை மீதியும் முடிக்க என்ன தடை?

கரையோரம்:
அண்ணை, தடை எங்கள் வயிறு. நான் தொண்டைமானாற்றுக் கரைக்காரன். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடல்நீரேரிக்குள் வந்து, பாசிக்குள்ளும் சேற்றுக்குள்ளும் வளர்ந்து, பெருத்தபின் திரும்பக் கடலுக்குப் போகும். வாசலை அடைத்தால் போக்கும் இல்லை, வரத்தும் இல்லை.

அந்தக் காலத்துக் கதவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தூணிலும் காடி வெட்டி, பலகையை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குவார்கள். பலகை ஊறி உளுத்து இடுக்கு விட்டுவிடும். அந்த இடுக்கால் கடல்நீர் பீறிக்கொண்டு உள்ளே வரும்போது கைவலையைப் பிடித்தால், உடம்புக்குள் இருக்கிற கறுப்புக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குத் தெளிந்த இறால் குஞ்சுகள் துள்ளும். எங்கள் ஆட்கள் அந்தப் பழுதான கதவை நம்பித்தான் பிழைத்தார்கள். இப்போது நல்ல கதவு போட்டுவிட்டு, இன்னும் பெரிய ஏரியையும் மூடுவோம் என்கிறீர்கள். வீணாகப் போகிறது என்று நீங்கள் சொல்லும் வெள்ளம்தான் கடலுக்குத் தீனியைக் கொண்டுபோகிறது.

நிலாவரை:
இரண்டு பேரும் ஏரித் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் திட்டம் பிறந்தது கிணற்றுக்காக.

குடாநாட்டில் ஆறு கிடையாது. பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும்தான். அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்பு பல மீட்டர் ஏறிவிடும். துலா போட்டு இறைத்த காலத்தில் கிணற்றின் மேல் தண்ணீர்தான் மெல்ல எடுபட்டது. மோட்டர் வந்தபின் ஒரே மூச்சில் இறைக்கிறோம். தொடங்கும்போது வாயில் வைக்கலாம், கொஞ்ச நேரத்தில் வாழைப் பாத்திக்கே கூடாத சவர், உப்புத் தண்ணீர், வருகிறது.

குடாநாட்டை உள்ளே இருந்து பிளக்கிறவை வடமராட்சி ஏரியும் உப்பாறும். அவை உப்பாக இருக்கும்வரை அருகில் உள்ள கிணறுகளுக்குப் பக்கவாட்டிலும் ஆபத்து இருக்கிறது. அவற்றில் நன்னீரை ஓர் அடி உயரத்தில் நிறுத்தினாலும் அது கரைக் கிணறுகளுக்கு முட்டுக்கொடுக்கும். பிரிட்டிஷ் காலத்தில் இங்கே அரச அதிபராக இருந்த துவைனம் 1879 இலேயே தொண்டைமானாற்றை அடைக்க யோசனை சொல்லியிருந்தார். அதனால் இந்த உள் ஏரிகள் இரண்டையும் நன்னீராக்குவதை நான் ஆதரிக்கிறேன். ஆனையிறவைப் பற்றி எனக்கு வேறு கருத்து, பிறகு எழுதுகிறேன்.

உப்பாற்றுக்கரை:
ஐயா சொன்ன கிணற்றுக் கதையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சவர் போனால் குடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் ஒன்று மாறி ஒன்று. போடுகிற யூரியா கல்லிடுக்கால் நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லீட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியே இருக்கிறது. உப்பு நாக்குக்குத் தெரியும், நைட்ரேட் தெரியாது. கைக்குழந்தை இருக்கிற வீடுகள்தான் என் கவலை.

கண்டாவளையான்:
கடல்நீரேரிக்குத் தெற்குக் கரையில் இருந்து எழுதுகிறேன். இதுவரை எழுதிய எல்லோரும் வடக்குக் கரை. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் வந்தது. எங்கள் விவசாயிகள் எதிர்த்தார்கள். குளம் நிறையாத வருடங்களில் சிறுபோகத்தில், கோடை நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் போட்டுப் பங்கு பிரிக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீரில் இன்னொரு பங்கு எப்படி வரும்? கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீட்டர். குடிநீருக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. இனி எதற்கு எங்கள் ஆற்றின் வாயைக் கட்ட வேண்டும்?

வல்லையூரான்:
தம்பி கண்டாவளை, இரணைமடுவில் ஒரு துளி கேட்கவில்லை. குளம் நிறைந்து வான் பாய்ந்த பிறகு வருகிற தண்ணீரும், குளத்துக்குக் கீழே பெய்கிற மழையும்தான் இந்தத் திட்டத்தின் தண்ணீர். உங்கள் வயல் குடித்து முடித்தபின் ஓடுவது.

தாளையடி நல்லதுதான். ஆனால் கடல்நீரை அப்படி வடிக்க ஒரு கன மீட்டருக்கு 3, 4 அலகு மின்சாரம் போகும். 24,000 கன மீட்டருக்குக் கணக்குப் பாருங்கள், நாளுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. அந்தத் தண்ணீர் குழாய்க்கு வரும், கிணற்றுக்கு ஊறாது. தோட்டம் செய்கிறவன் அதில் பாத்தி கட்ட முடியாது.

கரையோரம் தம்பிக்கு: கதவணை என்றால் எப்போதும் மூடி வைக்கிற சுவர் என்று யார் சொன்னது? முதல் வெள்ளத்துக்குத் திறந்து, கோடையில் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியே விட்டு, மழை ஓயும் நேரத்தில் மூட வேண்டும். சரியாக நடத்தினால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

நிலாவரை:
ஆனையிறவுக்கு வருகிறேன். மாசியில் இருந்து புரட்டாதி வரை எட்டு மாதம். இந்த வெயிலுக்கும் சோழகக் காற்றுக்கும் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று குறைத்து வைத்தாலும் 1.2 மீட்டர் தண்ணீர் போய்விடும். அந்த ஏரியின் பெரும்பகுதியில் கோடையில் முழங்கால் தண்ணீர் இருந்தால் அதிகம். நீங்கள் பிடித்து வைக்கிற தண்ணீரில் பெரும்பங்கு வெயிலுக்கே போகும். மிஞ்சுவதில் உப்புச் செறிவு கூடும், அடிச்சேற்றில் ஊறிக்கிடக்கும் உப்பும் மேலே வரும். பரந்து கிடக்கிற ஆழமில்லாத ஏரி நீர்த்தேக்கத்துக்கு வாய்ப்பான இடமே இல்லை.

வடமராட்சி ஏரியும் ஆழமில்லாததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இரு கரையிலும் கிணறுகள் இருக்கின்றன. தையில் கரைக்குள் ஊறியது வெயிலுக்குத் தப்பி நிலத்துக்குள் நிற்கும். ஆனையிறவுக் கரையில் அப்படி எத்தனை கிணறு?

கரையோரம்:
இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். 1905 இல் ரயில் பாதை குடாநாட்டைத் தொட்டபோதே அந்த ஏரியின் கழுத்தைப் பாதி நெரித்தாயிற்று. அதற்கு முன் மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் கிழக்கே சுண்டிக்குளமும் ஒரே நீராக மூச்சு விட்டன. மிச்ச வழியையும் அடைத்தபின் மீன் ஏறுவது நின்றது. என்னைக் கேட்டால் பாதைக்குக் கீழே நீர் போக மதகுக் கண் வைத்துத் திறந்துவிட வேண்டும்.

உப்பையும் நினையுங்கள். ஆனையிறவு உப்பு என்றால் நாடு முழுக்கத் தெரிந்த காலம் இருந்தது. 1990 இல் போரால் நின்ற உப்பளம் 2025 இல்தான் திரும்பவும் இயங்கத் தொடங்கியது. பாத்தியில் நீர் செறிந்து உப்புப் பூக்க வேண்டுமானால் நல்ல உவர்நீர் கிட்ட இருக்க வேண்டும். பக்கத்தில் நன்னீர் ஏரி வந்தால் அங்கே வேலை செய்கிற பெண்களின் கூலிக்கு யார் பொறுப்பு? சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. பூநாரை இறங்குவது அந்த உவர்நீரில் விளைகிற சிற்றுயிர்களைத் தின்னத்தான்.

உப்பாற்றுக்கரை:
பாதைக்குக் கீழே திறப்பதை நானும் ஆதரிக்கிறேன் தம்பி. ஆனால் அரியாலைக் கதவைத் திறந்தே விடச் சொன்னால் ஒப்பமாட்டேன். கைதடி, கோப்பாய்ப் பக்கம் உப்பாற்றை ஒட்டிய வயல்கள் சில வெறும் தரவையாகக் கிடக்கின்றன. கடல்நீர் ஒருமுறை ஏறினால் அந்த மண் ஒரு மாரியில் திருந்தாது. கதவு ஒழுகுகிற வருடத்தை நெல்லே காட்டிக்கொடுக்கும், வாய்க்கால் பக்கத்துப் பயிர் முதலில் நுனி கருகும்.

வல்லையூரான்:
அப்படியென்றால் உள் ஏரிகளில் நமக்குள் தகராறு கதவு மூடுகிற நாளைப் பற்றியது மட்டும்தான். முந்தி மூடினால் உப்பு உள்ளேயே தங்கும், வயலும் மூழ்கும். பிந்தினால் பிடிக்கத் தண்ணீர் இல்லை. கதவின் இரு பக்கமும் உப்பு அளந்து, மழையைப் பார்த்து, மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் உட்கார்ந்து அந்த நாளை முடிவு செய்யட்டும். இறால் குஞ்சு ஏறும் காலத்தில் ஒரு கதவை மட்டும் இரவில் தூக்குவதற்கும் நான் சம்மதம்.

ஆனையிறவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆவியாவது போக மிச்சத்தைத் தைக்கு முன்பே முள்ளியான் வாய்க்காலால் வடக்கே இறக்கிவிட்டால் நிலாவரை ஐயாவின் 1.2 மீட்டர் கணக்கு நம்மைத் தொடாது. ஏரியில் வைத்திருக்க வேண்டாம், கடத்திவிட்டால் போதும்.

கரையோரம்:
ஒரு கதவை இரவில் தூக்குவதாக எழுத்தில் தந்தால் எங்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். ஆனையிறவுக்கு என் பதில் இல்லை என்பதுதான்.

கண்டாவளையான்:
அண்ணை, கடத்திவிட்டால் போதும் என்று எளிதாகச் சொல்கிறீர்கள். தண்ணீர் முள்ளியான் ஊடாக வடக்கே தானாக ஓட வேண்டுமானால் ஆனையிறவு ஏரியின் மட்டம் வடமராட்சி ஏரியை விட உயர்ந்திருக்க வேண்டும். அப்படி உயர்த்துவது சுண்டிக்குளத்து வான்தான். மார்கழியில், வெள்ளம் இறங்குகிற அதே நேரத்தில், அந்த வானை ஓர் அடி உயர்த்தினால் தண்ணீர் பின்னுக்கு ஏறும் இடம் எங்கள் தாழ்ந்த வயல்கள். கதிர் தள்ளும் பருவம் அது. வானின் உயரத்தை எத்தனை அடியில் வைப்பீர்கள், அந்த உயரத்தில் தெற்குக் கரையில் எந்தக் காணிவரை நீர் நிற்கும் என்று ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்தபின் வாய்க்காலைப் பற்றிப் பேசுவோம்.