ஏப்ரல் வெயில்ல பவர் இறங்கிட்டே போகுது: ஓய்வா, இல்ல பயிற்சியை இன்னும் ஏத்தணுமா?

வைகைப்பெடல்:
மாநில சைக்கிள் ரோடு ரேஸுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. வயசு 23, எடை 64 கிலோ, எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கிற பவர்) 255 வாட். திங்கள் மட்டும் லீவு. செவ்வாய் அழகர்கோவில் ரோட்டுல 4×8 நிமிஷம் (எட்டு நிமிஷ வேக செட் நாலு தடவை), 265-270 வாட். புதனும் வெள்ளியும் 'ஈஸி', ஒன்றரை மணி நேரம், 190-200 வாட்ல போகும். வியாழன் ரிங் ரோடு குரூப் ரைடு. சனி நத்தம் ரோட்டுல மூணு மணி நேரம். ஞாயிறு திண்டுக்கல் வரை வண்டியில போய் சிறுமலை ஏத்தம் ரெண்டு தடவை.

இப்ப செவ்வாய் மூணாவது செட்டுலயே 250க்கு இறங்கிருது. ஹார்ட் ரேட் வழக்கமா 178 வரும், இப்ப 168 தாண்ட மாட்டேங்குது. ஆனா காலைல எந்திரிச்சதும் 48 இருந்த பல்ஸ் 55-56 காட்டுது. கடையடைச்சு வந்து படுக்க 11:30, எந்திரிக்கிறது 4:15. கிளம்பும்போது ஒரு டீ, வந்து நாலு இட்லி. முழுசா நிறுத்தணுமா அண்ணே? நிறுத்தினா ஃபிட்னஸ் போயிருமோன்னு இருக்கு.

கிராங்க்172:
தம்பி, உங்க வாரத்துல ஈஸி நாளே கிடையாது. 255ல 200ங்கிறது 78 சதவீதம், அதுக்குப் பேரு டெம்போ, அதாவது நடுத்தர வேகம். ஈஸின்னா 140 வாட்டுக்குக் கீழ, 45 நிமிஷம், பேசிக்கிட்டே ஓட்டணும். பக்கத்துல டிவிஎஸ் எக்ஸ்எல் முந்திப் போனாலும் விட்டுரணும். புதன் கால் ஆறாததால செவ்வாய் பண்ணின வேலை வியாழன்ல கரையுது. வியாழன் பாக்கி ஞாயிறு சிறுமலை வரைக்கும் தொடருது.

படுத்திருக்கும்போது பல்ஸ் கூடி, முழு வேகத்துல ஹார்ட் ரேட் ஏற மறுக்குதுன்னா அது களைப்பு, ஃபிட்னஸ் குறைவு இல்ல. இந்த நேரத்துல இன்டர்வல், அதாவது செவ்வாய் மாதிரி வேக செட், கூட்டினா பவர் இன்னும் இறங்கும்.

முதல் வாரம்: மூணு நாள் சைக்கிளைத் தொடவே வேண்டாம். அடுத்த நாலு நாள்ல ரெண்டு நாள் 45 நிமிஷம் 140க்குக் கீழ, ஒரு நாள் ஒண்ணேகால் மணி நேரம் 150-170, நடுவுல மூணே மூணு ஒரு நிமிஷ வேகம். மொத்த நேரம் வழக்கத்துல பாதிக்கும் கீழ இருக்கும். ஒரு வாரத்துல ஃபிட்னஸ் போகாது. முழுசா நிறுத்தினா முதல்ல குறையுறது ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மா. அதனாலதான் திரும்ப ஏறுற முதல் ரைடுல ஹார்ட் ரேட் எகிறும். ரெண்டு மூணு ரைடுல சரியாயிரும்.

அதுக்கப்புறம் மூணரை வாரம் பயிற்சியை ஏத்துங்க, ஆனா வாரத்துக்கு ரெண்டே கடின நாள், நடுவுல 48 மணி நேரம் இடைவெளி. கடைசி பத்து நாள் நேரத்தைப் பாதியாக்குங்க, வேகத்தைக் குறைக்காதீங்க: 3×3 நிமிஷம் 290 மாதிரி. இந்தக் கடைசி இறக்கத்துல (டேப்பர்) வேகத்தையும் சேர்த்துக் குறைச்சவங்கதான் ரேஸ் அன்னைக்குக் கால் மரத்துப் போச்சுன்னு சொல்லுவாங்க.

உப்புமூட்டை:
கிராங்க்172 சொன்னது சரி, ஆனா சாப்பாட்டைத் தொடாம எது பண்ணினாலும் பாதிதான். டீ மட்டும் குடிச்சிட்டு மூணு மணி நேரம் போறது ஓய்வையே தின்னுரும். கிளம்புறதுக்கு முன்ன ரெண்டு வாழைப்பழம். ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல போனா மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. அதுக்கு பாட்டில்ல கலக்க: ஒரு லிட்டர் தண்ணி, 60 கிராம் சர்க்கரை, ஒண்ணரை கிராம் உப்பு, அரை எலுமிச்சை. ஒண்ணரை கிராம் உப்புல சோடியம் சுமார் 600 மில்லிகிராம். வெறும் தண்ணியா ரெண்டு லிட்டர் ஏத்தினா வயிறு உப்பி நிக்கும், சோடியமும் நீர்த்துப் போகும்.

எவ்வளவு வேர்க்குதுன்னு ஊகிக்க வேண்டாம். ரைடுக்கு முன்னும் பின்னும் துணியில்லாம எடை பாருங்க. ரெண்டு மணி நேரத்துல 1.5 கிலோ குறைஞ்சு, ஒரு லிட்டர் குடிச்சிருந்தா வேர்வை மணிக்கு 1.25 லிட்டர். உங்க எடைக்கு 1.3 கிலோவுக்கு மேல குறைய விடாதீங்க.

வந்த அரை மணி நேரத்துக்குள்ள 60-65 கிராம் மாவுச்சத்து, 20 கிராம் புரதம்: அந்த நாலு இட்லியோட ஒரு வாழைப்பழம், ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். ஒரு நாளைக்கு மொத்தம் 100 கிராம் புரதம் வரணும். இட்லி சாம்பாரை மட்டும் நம்பினா அதுல பாதி கூட வராது. ரைடு முடிஞ்சு நேரா ஜிகர்தண்டாவுக்கு ஓடுற கோஷ்டிக்கு: சர்க்கரையும் பாலும் இருக்கு, கெட்டதில்ல, ஆனா அது டிபன் ஆகாது.

நாகமலை:
ரெண்டு பேரும் தூக்கத்தை விட்டுட்டீங்க. 11:30ல இருந்து 4:15 வரை, நாலே முக்கால் மணி நேரம். இதுல எந்தத் திட்டமும் நிக்காது. வாரத்துல ரெண்டு காலை ரைடை எடுத்துட்டு ஏழு மணி வரை தூங்குங்க, அந்த வெள்ளிக்கிழமை ரைடே தேவையில்ல.

பல்ஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ராத்திரி லேட்டா பரோட்டா, கரண்ட் கட், தண்ணி கம்மி, இதுல எது இருந்தாலும் காலைல அஞ்சாறு கூடும். ஒரு நாள் எண்ணை வச்சு முடிவெடுக்காம ஏழு நாள் சராசரியைப் பாருங்க. வெயில்ல அதே வாட்டுக்கு நேரம் ஆக ஆக ஹார்ட் ரேட் ஏறிட்டே போகும், ஏன்னா ரத்தம் தோலைக் குளிர வைக்கவும் ஓடணும். அதனால ஏப்ரல், மே மாசம் ஏழரை மணிக்கு மேல கடின செட் வைக்காதீங்க. அதே 4×8ஐ எட்டு மணிக்கு முடிக்கிறது, ஆறு மணிக்கு முடிக்கிறதை விடப் பெரிய அடி.

ரெண்டு வாரம் பயிற்சியை இறக்கியும் பவர் திரும்பலைன்னா ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு). பார்க்காமலே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீங்க.

வைகைப்பெடல்:
சரிண்ணே, வெள்ளியை எடுத்துர்றேன். வியாழன் குரூப்புக்குப் போய்ப் பின்னாடி மட்டும் ஒட்டிக்கிட்டு வரலாமா?

கிராங்க்172:
முதல் வாரம் போகவே வேண்டாம். அதுக்கப்புறம் வியாழனே உங்க ரெண்டாவது கடின நாளா இருக்கட்டும், சிறுமலையை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆக்கிருங்க. சிறுமலை போற வாரம் வியாழன் குரூப் வேண்டாம். சனி நத்தம் ரோடு 145-185க்குள்ள, ஒரு வாட் கூடக் கூடாது. பவர் மீட்டர்ல மூணு செகண்ட் சராசரி வைக்காம 30 செகண்ட் வைங்க, சின்ன மேட்டுக்கெல்லாம் எண் குதிச்சுத் தொல்லை பண்ணாது.