படகுத்துறையில் பயணிகள் சேவையை எப்படி அளப்பது?

ராமேசுவரம் தீவுப் பக்கம் ஒரு படகுத்துறையில் பயணிகள் சேவை எப்படி இருக்கிறது என்று கல்லூரி ஆய்வுக்காக மதிப்பிட்டு வருகிறேன். வேலை முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுகிறார்கள். ஆடிக் காற்றில் படகு ஏறி இறங்கி ஆட, கால் வைக்கப் பயந்து நின்ற ஒரு பாட்டியை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். அவரும் ஐந்துதான் கொடுத்தார்.

முதலில் சர்வ்குவால் (SERVQUAL) என்ற, சேவைத் தரத்தை அளக்கும் கேள்விப் படிவத்தை வைத்துக் கேட்டேன். 1988-இல் வந்த முறை; 22 கூற்றுகள், எதிர்பார்ப்புக்கு ஒரு தடவை, அனுபவத்துக்கு ஒரு தடவை. வெயிலில் நின்று 44 பதில் யார் சொல்வார்? பாதியிலேயே பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள். சரி என்று சுருக்கினேன், வாய்மொழியாகக் கேட்டேன், அப்புறம் படகுக்காரர்கள் இல்லாத இடமாகத் தள்ளிப்போயும் கேட்டேன். பதில் மாறவில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, படகு ஓடாமல் திரும்பிப் போகிறவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது.

மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். பயணியிடம் மதிப்பெண் கேட்காமல், துறையில் நின்று கண்ணால் பார்த்தே குறிக்கக்கூடிய அளவுகோல்கள் என்னென்ன?