ஒரு நாளைக்கு எத்தனை வீடு செக் பண்ண முடியும்?

கேள்வி: வீட்டு வயரிங் சோதனை வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆகுது. தினம் எட்டு வீடு முடிக்கச் சொல்றாங்க. நேத்து ஆறாவது வீட்டில் டிபி (கரண்ட்டை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரிச்சு விடுற பெட்டி) மூடியைத் திறக்காமலே 'சரி'ன்னு எழுதிட்டேன். ராத்திரி தூக்கமே வரலை. உங்களுக்கெல்லாம் எத்தனை?

பதில் 1: எனக்கு மூணு. சின்ன வீடா இருந்தா நாலு. மெயினை ஆஃப் பண்ணி, சாமானெல்லாம் கழட்டி, ஒவ்வொரு சர்க்யூட்டா 500 வோல்ட்டில் மெகர் (வயர் தோல் வழியா கரண்ட் கசியுதான்னு அளக்குற மீட்டர்) போடவே ஒரு மணி நேரம் ஓடிடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினா, எங்கே கசியுதுன்னு தேடுறதுக்குக் கணக்கே கிடையாது. போன வாரம் ஒரு நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி வயர் தோல் பழுப்பா உருகியிருந்தது. மூடியைத் திறந்ததாலதான் கண்ணில் பட்டது. அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்க தம்பி.

பதில் 2: 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபிக்கு (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன் மட்டும் போதாது. மீட்டர் வச்சு 300 மில்லிசெகண்டுக்குள்ள விழுதான்னு பாருங்க.

கேட்டவர்: காலையிலேயே போய்த் திறந்தேன் அண்ணே. எர்த் வயர் மாட்டாமலே தொங்குது.