இடி பட்டதிலிருந்து வண்டி இழுக்கிறது, அவசரம்

எர்ணாவூர்_67:
நேற்று டோல்கேட் பக்கம் சின்ன இடி. ஆளுக்கு ஒன்றுமில்லை, கீறல்தான். அதிலிருந்து கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) பண்ணியும் அப்படியேதான், காசு தண்டம். ஞாயிறு குடும்பத்தோடு வேலூர் போகணும். எதை மாற்றுவது? சீக்கிரம் சொல்லுங்க.

மாதவரம் மச்சான்:
எந்த வண்டி? எந்தப் பக்கம் இழுக்கிறது? இடி எங்கே பட்டது?

டூல்பாக்ஸ்:
சக்கர பேரிங்தான் பாஸ். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பழைய கை:
தம்பி, "இழுக்கிறது" என்று மட்டும் சொன்னால் கிளி ஜோசியம்தான் பார்க்கலாம். பேரிங் போனால் ஊங்காரம் கேட்கும், வளைவில் சத்தம் கூடும் குறையும். இது கூடத் தெரியாமல் பதில் போட ஒரு தைரியம் வேண்டும்.

எர்ணாவூர்_67:
ஸ்விஃப்ட் 2014. இடப்பக்கம் இழுக்கிறது. கண்டெய்னர் ட்ரெய்லர் வலது கதவை உரசியது, நான் ஒடித்ததில் இடது முன்சக்கரம் பிளாட்பாரக் கல்லில் ஏறி இறங்கியது. அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் இடது கேம்பர் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) +1.3, வலது -0.2. இடது மட்டும் சிவப்பு, அதாவது அளவுக்கு வெளியே.

மாதவரம் மச்சான்:
கல்லில் ஏறியதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! இந்த மாதிரி ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) வண்டிகளில் அலைன்மென்ட்காரர் பெரும்பாலும் டோவை (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருப்ப முடியும். கேம்பர் சிவப்பில் நின்றால் ஏதோ வளைந்திருக்கிறது. ஒரு ஈர்க்குச்சி எடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். வலது முன் டயரின் பின்விளிம்புக்கும் ஃபெண்டருக்கும் (மட்கார்டு) நடுவே குச்சியை வைத்து ஒடித்துக்கொள்ளுங்கள், அதே குச்சியை அடுத்த பக்கம் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் நுழையவில்லை என்றால் சக்கரம் பின்னால் தள்ளியிருக்கிறது: லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை) வளைந்திருக்கும். அப்படியே டயரின் உள்பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள், வீக்கம் இருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது. ஹைவேயில் அதோடு போகாதீர்கள்.

எர்ணாவூர்_67:
குச்சி நுழையவில்லை. ஒன்றரை விரற்கடை இடிக்கிறது. உள்பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு.

காசிமேடு காத்து:
ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்தினால் போதும் அண்ணே. பாதிச் செலவில் முடியும். எங்க மீன் வண்டிக்கு அப்படித்தான் பண்ணினோம்.

பழைய கை:
காய்ச்சிய இரும்பு பழைய பலத்தோடு இருக்காது. அடுத்த பள்ளத்தில் மடங்கும். மீன் ஏற்றும் வண்டியும் பிள்ளைகள் ஏறும் வண்டியும் ஒன்றா?

காசிமேடு காத்து:
மீன் வண்டியில் மனுஷன் உட்காரவில்லையா சார்? நாலு வருஷமாக ஓடுது.

டூல்பாக்ஸ்:
இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாமே?

மாதவரம் மச்சான்:
போடலாம், ஆனால் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள். ஐந்து வருஷம் க்ளெயிம் இல்லாமல் 50 சதவீத நோ க்ளெயிம் போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி) சேர்த்திருந்தால், இந்த ஒரு க்ளெயிமில் அடுத்த வருஷம் பூஜ்யம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காசிமேடு காத்து:
அதுக்குத்தான் காய்ச்சச் சொன்னேன்.

(மூன்று நாள் கழித்து)

எர்ணாவூர்_67:
லோயர் ஆர்ம், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை), ஒரு டயர் மாற்றியாச்சு. ஸ்ட்ரட் தப்பித்தது. கையை விட்டாலும் நேராகப் போகிறது. வேலூருக்குக் காட்பாடி வரை ரயிலில் போய்விட்டோம். மச்சானுக்கு நன்றி.

டூல்பாக்ஸ்:
பேரிங் பார்த்தார்களா?