'மடக்கி' வேண்டாம், 'மடக்குறுப்பு' வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சிறு விமானங்களில் லேண்டிங் கியரை, அதாவது தரையில் விமானத்தைத் தாங்கும் சக்கரக் கால்களை, மடக்கும் பாகத்துக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் உரையாடலில், 'இயக்கி' என்ற சொல்லே போதும் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். 'மடக்கி' என்றால் இன்னும் தெளிவு என்று மதுரை நண்பர் சொன்னார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தப் பாகத்தைக் கழற்றும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கையில் ஸ்பேனர் பிடித்தவருக்கு உதவாத கலைச்சொல் அகராதியில் மட்டுமே வாழும்.

பைப்பர் ஆரோ என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1967-இல் அமெரிக்காவில் வெளிவந்த, நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம். அதன் மூன்று கால்களுக்கும் தனித்தனியே ஓர் உருளை (சிலிண்டர்) உண்டு; அதுதான் அங்கே ஆக்சுவேட்டர். மின்சாரத்தில் ஓடும் ஒரே பம்ப் எண்ணெயை இரு திசையிலும் தள்ளும். ஒரு திசையில் தள்ளினால் கால் மடங்கும், மறு திசையில் தள்ளினால் நீளும். நீண்ட காலைக் கொக்கி ஒன்று பூட்டிக்கொள்ளும். மடங்கிய காலுக்கோ பூட்டே கிடையாது. எண்ணெயின் அழுத்தம் ஒன்றுதான் அதை மேலே நிறுத்தி வைத்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழற்றும்போது கால்கள் நீண்டு பூட்டிய நிலையிலேயே இருக்க வேண்டும். இரண்டு இறக்கைகளின் கீழும் ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். வாலை ஒரு தாங்கியில் கட்டி, அதன் அடியில் சுமார் 250 பவுண்டு எடை வைப்பார்கள். மின்கல இணைப்பைத் துண்டித்து, அவசரகால நெம்புகோலை அழுத்திக் குழாய்களில் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் குழாய் இணைப்பில் ஸ்பேனர் படலாம். அவிழ்த்த குழாய் வாய்களை உடனே மூடிவிட வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் சீல் கீறிவிடும். பிறகு பூட்டு ஸ்பிரிங். அதன்பின் உருளையிலிருந்து நீளும் தண்டின் முனையில் உள்ள காட்டர் பின் (நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் கம்பி), நட்டு, போல்ட். கடைசியில் உருளையை இறக்கையோடு பிணைத்திருக்கும் போல்ட். எடுத்த காட்டர் பின்னை மறுபடி போடக் கூடாது, புதியதுதான் போட வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

'மடக்கி' என்பதைப் பணித்தாளில் எழுதிப் பாருங்கள். "மடக்கி கழற்றுக." இங்கே மடக்கி பெயர்ச்சொல், ஐ உருபு மறைந்திருப்பதால் ஒற்று மிகவில்லை. நடுவில் ஒரே ஒரு 'க்' வந்தால் "மடக்கிக் கழற்றுக" என்றாகி, வினையெச்சமாகிவிடுகிறது: முதலில் காலை மடக்கு, பிறகு கழற்று. அச்சகத்திலும் கணினியிலும் ஒற்று விழுவதும் முளைப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தச் சொல்லில் அது உயிரோடு விளையாடும். ஆரோவின் காலை மடக்கி வைத்துவிட்டுக் குழாயை அவிழ்த்தால் என்ன ஆகும்? காலை மேலே பிடித்திருந்த அழுத்தம் அந்தக் கணமே போய்விடும். கீழே குனிந்திருப்பவர் மேல் கால் இறங்கும். ஒற்றுப்பிழை பொறுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இது அந்த இடம் அன்று.

'நகர்த்தி', 'இயக்கி' இரண்டுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. "இயக்கிச் சோதிக்கவும்" என்றால் ஓடவிட்டுச் சோதிப்பதா, அந்தப் பாகத்தைச் சோதிப்பதா? 'மடக்குவான்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது நேரே வினைமுற்றாகவே நிற்கிறது. இயக்கிக்கு இன்னொரு குறையும் உண்டு. மின்மோட்டாரை 'மின்சார இயக்கி' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பிற்கால மூனி விமானங்களில் காலை மடக்குவது எண்ணெய் அன்று. மோட்டார், பற்சக்கரப் பெட்டி, திருகுதண்டு மூன்றும் சேர்ந்த ஒரே தொகுதி. அங்கே மோட்டாரும் இயக்கி, மோட்டாரைத் தன்னுள் வைத்திருக்கும் தொகுதியும் இயக்கி என்றால், எதைக் கழற்றிக் கொண்டுவருவது?

'உந்துருளை' அழகான சொல். ஆரோவுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் மூனியில் உருளை இல்லை. செஸ்னா 210 விமானத்தின் பிரதான கால்களில் உருளை இருந்தாலும், உள்ளே ஓடும் தண்டின் பற்கள் ஒரு பல்வட்டத்தைத் திருப்பித்தான் கால் சுழல்கிறது. தள்ளுவது, திருகுவது, சுழற்றுவது மூன்றுக்கும் பொதுவான சொல் வேண்டும். 'செயலூக்கி' வேண்டவே வேண்டாம். அது வினையூக்கியை நினைவூட்டும். வினையூக்கி தான் மாறாமல் வினையை விரைவாக்கும் பொருள். இதுவோ சுமையைத் தானே தூக்குகிற பாகம்.

ஆகவே என் பரிந்துரை 'மடக்குறுப்பு'. மடக்கு + உறுப்பு, வினைத்தொகை. பொதுவாக ஆக்சுவேட்டர் என்று சொல்ல 'இயக்குறுப்பு'. "மடக்குறுப்பு கழற்றுக" என்று எழுதினாலும், தவறி ஒற்றுப் போட்டு எழுதினாலும் பொருள் மாறாது. எச்சமாகவோ முற்றாகவோ அதைப் படிக்க வழியில்லை. உறுப்பு என்றால் உடல் நினைவுக்கு வருகிறது என்று அம்மா ஒருவர் தயங்கியிருந்தார். பள்ளியில் பகுபத உறுப்புகளும் செய்யுள் உறுப்புகளும் படித்தவர்கள்தானே நாம்! முழுமை ஒன்றில் தனக்கென ஒரு வேலை உள்ள பகுதிதான் உறுப்பு.

நீட்டுவதும் அதே பாகம்தானே, மடக்கு என்று மட்டும் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆரோவில் அவசரகால நெம்புகோலை அழுத்தினால் அழுத்தம் விலகி, கால் தன் எடையாலேயே இறங்கிவிடும்; முன்காலுக்கு மட்டும் ஸ்பிரிங் கைகொடுக்கும். இறங்குவதற்கு இந்தப் பாகம் இல்லாமலும் வழி இருக்கிறது, மடங்குவதற்கு இல்லை. எந்த வேலைக்கு அது இன்றியமையாததோ அந்த வேலையால் பெயரிடுவோம்.

லேண்டிங் கியரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை 'இறங்கு பற்சக்கரம்' என்று ஒரு வரைவில் கண்டேன். உடனே நீக்குங்கள். அங்கே கியர் என்பது தளவாடம், பல்லுள்ள சக்கரம் அன்று. கட்டில்கால், பந்தல்கால், நாற்காலி என்று தாங்குவதையெல்லாம் கால் என்றே சொல்லிப் பழகிய மொழி இது. 'இறங்குகால்' போதும். ஹைட்ராலிக் என்பதற்கு 'நீரியல்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். நீரியல் ஆறு, ஏரி, மழை பற்றிய துறை. இந்தக் குழாய்களில் ஓடுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். அதில் தண்ணீர் கலக்கவே கூடாது. 'நீர்ம அழுத்த மடக்குறுப்பு', 'மின் மடக்குறுப்பு' என்று பிரித்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்றுக்குப் பெயர் இல்லை. தண்டின் நுனியில் மரையில் ஏறி நிற்கும் வளையம், போல்ட் நுழையும் இடம். அதை ஒரு சுற்றுத் திருப்பினால் தண்டின் நீளமே மாறிவிடும்; அதனால்தான் கழற்றும்போது வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துவைக்கிறோம். ஊசிக்கண் போல இதைத் 'தண்டுக்கண்' என்று அழைக்கலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.